கிளி வெட்டிய படம்

எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது மதினி கொண்டுவந்த சாமான்களில் அம்மாவின் வாயில் விழாமல் தப்பியது எதுவும் இல்லை. குத்துவிளக்கு கனம் போதாது. பட்டுச்சேலையில் சரிகை குறைவு. ஜமுக்காளம் நீளம் பத்தாது. ஆனால் அந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தபோதுதான் அம்மாவுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. உள்ளே ஏழெட்டு பெயிண்ட் டியூப், முடியை மொட்டையாக நறுக்கிய இரண்டு பிரஷ், ஒரு குப்பியில் டர்பன்டைன், பழுப்புத் தாளில் சுற்றிய கண்ணாடி மாதிரித் தகடுகள்.

"இதென்னட்டி, சைக்கிள் கடைச் சாமானெல்லாம் சீதனமாக் கொண்டாந்திருக்க?" என்று கேட்டாள் அம்மா. அக்காவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். மதினியும் கூடவே சிரித்தாள். புதுப்பெண் அல்லவா, சிரிக்காமல் என்ன செய்வாள்.

மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. பண்பொழிக்காரி. அறுபதுகளின் தொடக்கம் அது, எனக்குப் பதினைந்து வயது. தென்காசியில் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஜவுளிக்கடை. வீட்டு மாடியில் சீட்டித்துணி மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து, குனிந்து உட்கார்ந்து, பிரஷால் குத்திக் குத்திப் பூப் போட்டுக்கொண்டிருந்தால் இளக்காரமாகத்தான் இருக்கும். அம்மாவுக்கு இளக்காரமாக இருந்தது. அம்மாவைப் பார்த்து எங்களுக்கும் இருந்தது. அண்ணனுக்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவனுக்குச் சோறு சூடாக இருந்தால் போதும்.

கல்யாணத்துக்கு முன்னால் செங்கோட்டையில் ஒரு தையல் வகுப்புக்குப் போய் மதினி இதைக் கற்றுக்கொண்டிருந்தாள். அட்டையில் வடிவம் வெட்டினால் நாலு பூவுக்குள் பெயிண்டில் ஊறிக் கிழிந்துவிடும். அதனால் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே படத்தைச் சோடாக்காரம் போட்ட சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, மேலே இருக்கும் கறுப்பைத் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். அடியில் தெளிவான ஃபிலிம் கிடைக்கும். அதில் பூவை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டால் ஸ்டென்சில் தயார். துணியில் அதை அழுத்தி வைத்து, பிரஷை நெட்டுக்குத்தாகப் பிடித்து, ஓட்டைக்குள் குத்தவேண்டும். பெயிண்ட் தண்ணியாக இருந்தால் அடியில் கசிந்து ஓரம் பிசிறிவிடும். நன்றாகக் காய்ந்தபிறகு துணியைத் திருப்பிப் போட்டுத் தேய்ப்புப்பெட்டியால் சூடு காட்டினால், எத்தனை முறை துவைத்தாலும் போகாது. இதையெல்லாம் கேலி பண்ணிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து நான் முழுக்கக் கற்றுக்கொண்டேன். அவ்வளவு எக்ஸ்ரே படம் அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று மட்டும் அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தலைப்பொங்கலுக்குப் பண்பொழியிலிருந்து பொங்கல்படி வரவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் பானையும் அரிசியும் கரும்பும் மஞ்சள் குலையும் கொண்டுவந்து இறக்குவது எங்கள் பக்கம் தகப்பனின் கடமை. அதுவும் முதல் பொங்கல். பத்து நாள் கழித்து மதினியின் மாமன் ஒருவர் தனியாக ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மதினியின் அப்பாவுக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லி, என்ன உடம்பு என்று சொல்லாமல் போனார். அம்மா அந்தப் பானையைக் கழனித்தண்ணீர் ஊற்றுவதற்கு வைத்துக்கொண்டாள்.

"படி கொண்டாராத வீட்டுக்கு என்ன போக்குவரத்து?" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து மதினி பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. பண்பொழி என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வானம் தெளிவாக இருந்தால் எங்கள் மொட்டைமாடியிலிருந்து அந்தப் பக்கத்து மலை தெரியும். துணி காயப்போடப் போகிறவள் அங்கேயே நின்றுவிடுவாள். கீழேயிருந்து அம்மா, "ஏளா, மலைய எண்ணி முடிச்சிட்டியா?" என்று குரல் கொடுப்பாள்.

அந்த ஆனி மாதம் அக்காவுக்கு ஒரு இடம் வந்தது. அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. அதற்கு முன் இரண்டு இடம் வந்து, பெண் கறுப்பு என்று தட்டிப்போயிருந்தது. அதில் அம்மாவுக்குத் தூக்கம் போயிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த மாப்பிள்ளை மதுரையில் உத்தியோகம். அவர்கள் குற்றால சீசனுக்கு வருகிறார்கள், அங்கேயே பெண்ணைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. எங்கள் ஊரில் இது நடப்புதான். அவர்களும் அருவியில் குளிக்க வருவார்கள், நாங்களும் குளிக்கப் போவோம், கோயில் வாசலில் தற்செயலாகப் பார்த்துக்கொள்வோம். பிடித்தால் பேச்சு. பிடிக்காவிட்டால் குளிக்கத்தானே வந்தோம் என்று இரண்டு பேரும் தலையைத் துவட்டிக்கொண்டு போகலாம்.

மதுரைக்காரர்கள் நாகரிகமானவர்கள், பெயிண்ட் போட்ட சேலைதான் இப்போது அங்கே பேஷன் என்று அப்பா கடையில் கேட்டு வந்து சொன்னார். அன்றைக்கு மத்தியானம் அம்மா மதினியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் கையால் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். சைக்கிள் கடைச் சாமானுக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. வெங்காயச்சருகு நிறத்தில், 'வாயில்' என்கிற மெல்லிய நூல்சேலை ஒன்று கடையிலிருந்து வந்தது. உடம்பு முழுக்கச் செண்பகப்பூ, முந்தியில் கொத்துக் கொத்தாக.

"முடிச்சிக் குடுத்துட்டு, அவங்க பாத்துட்டுப் போன மறுநாளே நீ அம்மா வீட்டுக்குப் போயிட்டு வா" என்றாள் அம்மா.

"நெசமாவா அத்தை?" என்று கேட்டாள் மதினி. அவள் கண் நிறைந்துவிட்டது. "எங்கப்பாவப் பாக்கணும் அத்தை. ஒரு நாள் போதும்."

சாரல் காலத்தில் பெயிண்ட் லேசில் காயாது. ஒரு முழம் போட்டால் அது காயும்வரை அடுத்த முழத்தை மடிக்க முடியாது. அவள் விடிந்ததும் உட்கார்ந்தால் அடுப்பு வேலைக்கு எழுந்து போய்விட்டு மறுபடி வந்து உட்காருவாள். ஈரக்காற்று வந்தால் சேலைக்கு மேலே விசிறியால் விசிறுவாள். குழந்தைக்கு விசிறுவது போல இருக்கும்.

எனக்கு என் தாவணியில் கிளி வேண்டும். பச்சைக் கிளி, சிவப்பு மூக்கு. கேட்டேன். "பச்சை ஒரு டியூப்தான் இருக்கு பாப்பா. அக்கா சேலைக்கு எலை போடவே பத்துமோ என்னமோ. ஊருக்குப் போயிட்டு வந்து உனக்குப் போட்டுத் தாரேன்" என்றாள். நியாயமான பதில். ஆனால் இல்லை என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எனக்குச் சுருக்கென்று வந்தது. வாழ வந்தவளுக்கு இவ்வளவு ஏத்தமா?

அவள் குளிக்கப் போயிருந்தபோது டப்பாவைக் குடைந்தேன். இன்னொரு பச்சை டியூப்பை ஒளித்து வைத்திருப்பாள் என்று எனக்கு நிச்சயம். டியூப் இல்லை. ஆனால் அடியில், துணியில் தனியாகச் சுற்றி ஒரு படம் இருந்தது. வெட்டாதது, கழுவாதது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். விலா எலும்புகள், ஒரு பக்கத்தில் பஞ்சு பறந்த மாதிரி வெள்ளை. மூலையில் மதினியின் அப்பா பெயர், வயது.

அந்தக் காலத்தில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள் என்றால் அது ஒரே ஒரு நோய்க்குத்தான் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மற்ற ஸ்டென்சில்கள் எல்லாம் எந்த நெஞ்சைக் கழுவி வந்தவை என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பயம் வரவில்லை, பாவமும் வரவில்லை. வசமாக மாட்டினாள் என்றுதான் தோன்றியது. நேரே அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மா கத்தவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "சயரோகம்" என்றாள். பிறகு, "இது மதுரைக்காரன் காதுல விழுந்தா உங்க அக்கா கதி என்னாகும்? யாருகிட்டயும் மூச்சு விடாத. எடுத்த எடத்துலயே வச்சிரு. சேலை முடியட்டும்" என்றாள்.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து மதினிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், படுக்கப் பின்கட்டு. அண்ணன் எதற்கு என்று கேட்டான். அம்மா சொன்னாள். அவன் சரி என்று கடைக்குப் போய்விட்டான். அவள் உட்கார்ந்த மணையைக்கூட அம்மா கழுவிவிட்டாள். சேலையை மட்டும் யாரும் கழுவவில்லை. அவள் கை படாத ஒரு அங்குலம் அதில் கிடையாது, அதை அக்கா உடுத்திக்கொள்ளப் போகிறாள், அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுத்தம் அவ்வளவுதான்.

தட்டு மாறியதுமே மதினிக்கு விஷயம் விளங்கிவிட்டது. டப்பாவைத் திறந்து பார்த்தாள், துணி வேறு மாதிரி சுற்றியிருந்தது, என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அம்மாவிடம் போய், "அத்தை, காலைல போயிட்டு சாயங்காலமே வந்துருதேன். ரெம்ப முடியாமக் கெடக்காங்க. பாத்துட்டு மட்டும் வந்துருதேன்" என்று கெஞ்சினாள்.

"மறச்சுக் கட்டிக் குடுத்துட்டு இப்ப வந்து கண்ணக் கசக்குத. மொதல்ல சேலைய முடி."

அவள் போய்ச் சேலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

நாலாம் நாள் தபால்காரர் ஒரு கார்டைக் கொடுத்தார். வாங்கியது நான்தான். வாசலிலேயே நின்று படித்தேன். அப்பாவுக்கு மிகவும் முடியவில்லை, உன்னையே கேட்கிறார்கள், உடனே புறப்பட்டு வரவும் என்று மதினியின் மாமன் எழுதியிருந்தார். மதினி பத்தடி தூரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முந்தியில் பூக் குத்திக்கொண்டிருந்தாள். அங்கேயே கொடுத்திருக்கலாம். தாண்டி நடந்துபோய் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள், வாங்கி உளுந்து டின்னுக்குள் போட்டு மூடினாள்.

"இன்னும் மூணு நாள்தான். இது தவறிச்சின்னா ஆடி பொறந்துரும், பேச்சே எடுக்க முடியாது. அந்த மனுசன் மூணு நாள் தாங்க மாட்டாரா?" என்றாள். என்னிடம் கேட்டாளா, உளுந்து டின்னிடம் கேட்டாளா தெரியாது. பதில் சொன்னது நான். தாங்குவார் என்று சொன்னேன்.

அந்த மூன்று நாளும் நான் மதினிக்குக் கூடமாட உதவினேன். சேலை நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டென்சிலைத் துடைத்துக் கொடுத்தேன். கார்டைப் பற்றித் தெரிந்துகொண்டே அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருப்பது எனக்கு என்னவோ பெரிய மனுஷி ஆகிவிட்ட மாதிரி இருந்தது. "கடைசிப் பூ பாப்பா" என்று அவள் முந்தி ஓரத்தில் பிரஷை வைத்தபோது நான் கைதட்டினேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே காறித் துப்பவேண்டும் போல இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி முழுக்க விசிறிக் காயவைத்து, விடியுமுன் மதினி அதைத் தேய்த்துக் கொடுத்தாள். காலையில் குதிரைவண்டி வைத்துக் குற்றாலம் போனோம். மதினியைக் கூட்டிப்போகவில்லை. அருவியில் நல்ல தண்ணீர். பேரருவி இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை, அதனால் எல்லாரும் சிரித்துச் சமாளித்தோம். கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முந்தியைப் பிடித்துப் பார்த்தாள். சாரல் நனைத்தும் ஒரு பூ கலையவில்லை.

"யாரு போட்டது?" என்றாள்.

"இவதான் போட்டா. கைவேலை எல்லாம் அத்துப்படி" என்று அம்மா அக்காவைக் காட்டினாள். அக்கா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாள் தன் மகளுக்கும் இதேமாதிரி ஒன்று போட்டுத் தரவேண்டும் என்றாள். அங்கேயே மங்குஸ்தான் பழம் வாங்கி எல்லாருக்கும் கொடுத்துச் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில். பண்பொழியிலிருந்து மாமன் வந்து மத்தியானமே மதினியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், அவளுடைய அப்பா விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். "கார்டு போட்டமே, கார்டு போட்டமேன்னு அந்த மாமன் சொல்லிக்கிட்டே இருந்தாரு. இந்தப் புள்ள, கார்டு வரவே இல்ல, வரவே இல்லன்னுட்டு அழுதா" என்றும் சொன்னாள். அம்மா சாவியை வாங்கி உள்ளே போனதும் முதல் வேலையாக உளுந்து டின்னைத் திறந்து கார்டை எடுத்து அடுப்பில் போட்டாள்.

அண்ணன் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தான். மதினி அங்கேயே இருந்தாள். பிஸ்கட் டப்பா எங்கள் வீட்டிலேயே கிடந்தது. நாலைந்து நாள் கழித்து அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அந்தச் சீக்குப் படத்தை எடுத்து அடுப்புல போடு. கல்யாண வீட்டுல இருக்கப்பிடாது" என்றாள்.

எரிக்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல ஃபிலிம், பெரிய அளவு, வெட்டாதது. டியூப்பில் கொஞ்சம் பச்சையும் மிச்சம் இருந்தது. மதினி கழுவ மறந்ததை நாம் கழுவிக்கொள்வோம் என்றுதான் நினைத்தேன். சோடாக்காரம் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்து, அகன்ற சட்டியில் படத்தைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பாலாடை விலகுவது மாதிரி கறுப்பு விலகியது. விரலால் தள்ளத் தள்ள எலும்பு ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு போனது. மூலையில் இருந்த பெயர் போனது. தண்ணீர் சாம்பலும் கறுப்புமாக ஆயிற்று. அதைப் புறவாசலில் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் கொட்டிவிட்டு, படத்தைத் துடைத்துக் கிளி வெட்டினேன். என் தாவணியில் பதினொரு கிளி போட்டேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து மதினி திரும்பி வந்தாள். அம்மா, "குளிச்சிட்டு உள்ள வா" என்றாள், அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மதுரை அம்மாளின் மகளுக்குச் சேலை போட ஆள் வேண்டுமே, அதனால் திட்டவும் இல்லை. மதினி கார்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஈரத்தலையோடு நேராக என்னிடம் வந்து டப்பாவைக் கேட்டாள். நான் அந்தத் தாவணியைத்தான் போட்டிருந்தேன். வேண்டுமென்றேதான் போட்டிருந்தேன்.

அவள் தாவணியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "ஓரம் பிசிறிட்டு பாப்பா. பெயிண்ட இன்னும் கெட்டியா வச்சிருக்கணும்" என்றாள். பிறகு டப்பாவைத் திறந்து டியூப்களை எடுத்து வெளியே வைத்தாள். பிரஷை எடுத்து வைத்தாள். செண்பகப்பூ ஸ்டென்சிலை எடுத்து வைத்தாள். அடியில் கையை விட்டுத் துழாவினாள்.

"இதுல ஒரு படம் இருந்துச்சே?"

கிளி ஸ்டென்சில் ஜன்னலில் இருந்தது. விரலால் காட்டினேன். எடுத்தாள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். திருப்பிப் பிடித்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கிளி வடிவத்து ஓட்டை வழியாகத் தெருதான் தெரிந்திருக்கும்.

"கழுவிட்டியா?"

"நீங்க கழுவ மறந்துட்டீங்கன்னு..."

"மறக்கல பாப்பா" என்றாள். "போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு எங்கப்பா எடுத்துக்கிட்டதே இல்ல. கல்யாணத்துலகூட எந்திரிச்சுப் போயிட்டாங்க. அவங்கள எடுத்ததுன்னு இது ஒண்ணுதான் இருந்துச்சு."

மன்னிப்பு என்ற சொல் எனக்கு அப்போது தெரியாது என்றில்லை. வாழ வந்தவளிடம் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அழவில்லை. ஸ்டென்சிலில் ஒட்டியிருந்த பச்சையை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"கழுவுன தண்ணிய எங்கன கொட்டுன?" என்று கேட்டாள்.

அங்கணத்தில் கொட்டினேன், அது வாழைக்குத்தானே போகும் என்றேன். கையில் அந்த ஃபிலிமோடு புறவாசலுக்குப் போனாள். அங்கணத்துத் தண்ணீர் போய்த் தேங்கும் வாழை மூட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, அந்தச் சேற்றில் உள்ளங்கையை வைத்தாள். "ஏளா, உலை கொதிக்குது, அங்கன என்ன பண்ணுத?" என்று உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். நான் அந்தப் படத்தைக் கழுவிப் பத்து நாள் ஆகியிருந்தது. பத்து நாளும் நாங்கள் எச்சில் பாத்திரம் கழுவிய தண்ணீர் அந்த வழியாகத்தான் ஓடியிருந்தது.